எதிர்மலைக்குக் கேட்க வேண்டிய பெயர்

பதுளைக் கடைவீதியில் ரேடியோ திருத்திக்கொண்டிருந்த எனக்கு அந்த வாத்தியாரைக் கண்டாலே வயிறு எரியும். யாழ்ப்பாணத்துக்காரர், பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிப்பவர். பொழுதுபோகாமல் ஒரு டிரான்சிஸ்டர் ஆம்பிளிஃபயர் செய்து ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அதுவரை அங்கே மைக்செட் என்றால் நான்தான்.

மாவிளக்கு எடுக்கும் பெண்களின் பெயர்களை அங்கே மைக்கில் வாசிப்பார்கள். என் மனைவி அந்தத் தோட்டத்துப் பெண். நடக்க முடியாத அவளுடைய தாய், எதிர்மலையில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் உட்கார்ந்து மகளின் பெயருக்காகக் காது கொடுத்திருப்பார்.

"வாத்தியார் செட்டுல எம்பேரு கணீர்னு கேட்டுச்சாம். ஒங்க செட்டுல எல்லாப் பேரும் ஒரே மாதிரி இருக்கும்னு அம்மா சொல்றாங்க" என்றாள் மனைவி. நான் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தேன்.

திருவிழாவில் அவருடைய ஆம்பிளிஃபயர் பெட்டி திறந்து கிடந்தபோது எட்டிப் பார்த்திருந்தேன். மைக் வயர் வந்து சேரும் முதல் கட்டத்தில் ஒரு டிரான்சிஸ்டரின் தலைமேல் இன்னொன்று. கேஸ்கோட் என்பார்கள். ஒற்றை டிரான்சிஸ்டர் சத்தத்தைப் பெருக்கும்போது, பெயரைப் பெயராகக் காட்டும் மெல்லிய கீச்சொலிகளை விழுங்கிவிடும். மேலே ஒன்று இருந்தால் விழுங்காது. கேட்டிருந்தால் மனிதர் மிச்சத்தையும் சொல்லியிருப்பார். அவரிடம் போய் நான் கேட்பதா? செத்தாலும் மாட்டேன். அவர் ஓரிடத்தில் வைத்தால் நான் மூன்றிடத்தில் வைப்பேன்! ஹாரன் ஸ்பீக்கரைத் தள்ளும் கடைசிக் கட்டம் வரைக்கும் வைத்தேன். கடையில் மெதுவாகப் பாடவிட்டபோது அப்படியொரு தெளிவு.

அடுத்த வருடம் கோயில் கமிட்டியிடம் கெஞ்சிக் கூத்தாடித் திருவிழாவை வாங்கிக்கொண்டேன். மரத்தில் ஹாரனைக் கட்டி, கார் பேட்டரியில் வயரைக் கொடுத்தேன். பெயர் வாசிக்கத் தொடங்கினார்கள். சத்தத்தைக் கூட்டினால் பழந்துணி மாதிரிக் கிழிந்தது. குறைத்தால் தெளிவாக இருந்தது, ஆனால் கோயில் வாசலைத் தாண்டவில்லை.

வாத்தியார் ஓடி வந்தார். "அண்ணை, கடைசிக் கட்டத்திலயும் ஒண்டுக்கு மேல ஒண்டு வச்சனீங்களோ? மேல இருக்கிறது பற்றறியில ஒரு பங்கைத் திண்டுபோடும். சின்னச் சத்தம் வாற முதல் இடத்துக்கு அது பரவாயில்லை. பெருஞ்சத்தத்துக்கு மிச்சம் காணாது, சத்தம் கிழிஞ்சுபோம். என்ர செட் காரில கிடக்கு, மாத்துவமே?"

வரிசையில் மாவிளக்கோடு நின்ற மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் இன்னும் நான்கு பெயர்கள் இருந்தன.

"வேணாங்க. என் செட்டு நல்லாத்தான் இருக்கு. நீங்க ஒங்க வேலையப் பாருங்க" என்றேன். சத்தத்தை முழுவதுமாகத் திருகிவிட்டேன். அவளுடைய பெயர் வந்தபோது பக்கத்தில் நின்ற எனக்கே விளங்கவில்லை. அன்று கடைசி பஸ்ஸைப் பிடித்து வீடு வந்து சேர்ந்தோம்.

மறுநாள் காலையில் எதிர்மலை லயத்திலிருந்து ஒரு பெண் கடைக்குப் பின்னால் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தாள். "அக்கா, ஒங்கம்மா அழுதுக்கிட்டே இருக்காங்க. எம்மக பேரு வரலியே, அவளுக்கு என்னமோ ஆயிருச்சுன்னு."

மனைவி உடனே சேலை மாற்றினாள். நானும் செருப்பை மாட்டினேன்.

"நீங்க வர வேணாம். இந்த வருஷம் யாரு செட்டுன்னு அம்மா கேட்டா, ஒங்கள வச்சுக்கிட்டு நான் என்ன சொல்றது?" என்றாள்.