இரண்டு கதவுக்கு ஒரு முகம்

பிள்ளைகளே, என் மகள் பல்கலைக்கழகத்தில் என்ன படிக்கிறாள் என்று தாராவியில் பலரும் கேட்பார்கள். எட்டாவதோடு நின்ற எனக்கு அதன் பெயரைச் சொல்ல வராது. மிஷின்கள் வரவர மனுஷரும் மனுஷருக்குள் இருக்கிற நியாயமும் எப்படி மாறுகின்றன என்று ஆராய்கிற படிப்பு அது. பக்கத்து வீட்டுத் தங்கச்சி இதைக் கேட்டுவிட்டு, "அப்ப மிஷின ரிப்பேர் பண்ணமாட்டா, அது மேல கம்ப்ளெய்ன்ட் எழுதுவா. அப்படித்தானண்ணே?" என்றாள்.

தங்கச்சி என்றால் ரத்த உறவு இல்லை. இருபது வருஷமாக ஒரே சுவர் எங்களுக்கு.

இரண்டு வருஷம் முன்பு வைகாசியில் ஊர்க் கோயில் கொடைக்குப் போயிருந்தோம். எங்கள் சந்தில் பாதி வீடு பூட்டித்தான் கிடக்கும் அந்த மாசம். அப்போது பார்த்து சர்வே வந்தது. வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்டும்போது, லிஸ்டில் பெயர் இருந்தால் வீடு, இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. சர்வேக்காரர் கையில் டேப்லெட். கதவு முன்னால் ஒருவர் நிற்க வேண்டும், அவர் முகத்தைப் படம் எடுப்பார். ஆள் இல்லாத வீடு பூட்டிய வீடு என்று பதிவாகிவிடும்.

எங்கள் சந்தில், இல்லாதவருக்கு இருப்பவர் பதில் சொல்வார். தண்ணீர் பிடிக்க, பார்சல் வாங்க, கரண்டு பில் வாங்க எல்லாவற்றுக்கும் அதுதான் வழக்கம். தன் வீட்டுக்குப் படம் எடுத்து முடிந்ததும் தங்கச்சி எங்கள் கதவு முன்னாலும் போய் நின்றிருக்கிறாள். இது அண்ணன் வீடு, கொடைக்குப் போயிருக்கிறார்கள், நான் பதில் சொல்கிறேன் என்றாளாம். அவசரத்தில் இருந்த சர்வேக்காரர் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஊரிலிருந்து திரும்பியதும் அதைச் சந்தோஷமாகச் சொன்னாள். நானும் சந்தோஷப்பட்டுக் கருப்பட்டி மிட்டாய் கொடுத்தேன். மகள் மட்டும் கையில் பையோடு அப்படியே நின்றாள்.

"அத்தை, மிஷினுக்கு ஒங்க முகம் ரெண்டு கதவுல தெரியும்," என்றாள்.

அவள் சொன்னபடியே ஆனது. இரண்டு வீட்டின் பதிவையும் நிறுத்தி வைத்தார்கள். ரேஷன் கார்டு, கரண்டு பில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு சர்வே ஆபீசுக்குப் போனேன். ஒரே முகம் இரண்டு வீட்டில் இருந்தால் அது மோசடி என்றார் அங்கே இருந்தவர். பொய் சொன்னேன் என்று அந்தப் பெண் எழுதிக் கையெழுத்துப் போட்டால் உங்கள் வீட்டை மறுபடி பார்க்கலாம் என்றார். அவள் வீடு என்னவாகும் என்று கேட்டேன். அவர் வரிசையில் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

உங்களிடம் மறைக்க மாட்டேன். அந்தக் கையெழுத்தைக் கேட்கத்தான் நான் கிளம்பினேன். மகள் வாசலில் மறித்து நின்றாள். "எழுதிக் கொடுத்தா அத்தை வீடு போயிரும்பா. அவிய பொய்யும் சொல்லலயே."

நான் திரும்பி உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டேன்.

அந்த வருஷம் படிப்புக்கு எழுத வேண்டிய கட்டுரையில் இதையே எழுதினாள். முதலில் அத்தையிடம் சம்மதம் கேட்டாள். "நல்லதுக்குத்தான் நின்னேன்னு எழுது தாயி," என்றாள் அவள். மகள் அப்படியே எழுதினாள். நல்ல மார்க் வந்தது. வாத்தியார் வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னாராம். இதை அப்படியே ஆபீசில் கொண்டுபோய்க் கொடுப்போமா என்று நான் கேட்டேன்.

"அங்க இத வைக்க எடமே இல்லப்பா. ‘ஆமா’, ‘இல்ல’னு ரெண்டு கட்டந்தான் இருக்கு."

போன மாதம் லிஸ்ட் ஒட்டினார்கள். இரண்டு வீடும் இல்லை. மகள் இன்னும் வகுப்புக்குப் போய் வருகிறாள். முன்பெல்லாம் படித்ததை எனக்கு விளக்கிச் சொல்வாள். இப்போது அவளும் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை.

தங்கச்சி எங்களோடு சண்டை போடவில்லை. பேச்சு மட்டும் குறைந்துவிட்டது. போன வாரம் நாங்கள் இல்லாத நேரத்தில் கேஸ்காரர் சிலிண்டரோடு வந்து அவள் கதவைத் தட்டியிருக்கிறார். அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தனக்குத் தெரியாது என்று உள்ளே இருந்தபடியே சொல்லி அனுப்பிவிட்டாளாம்.