அம்மணி குடித்த தண்ணீர்

கோயமுத்தூர்க்காரர்களிடம் எதை வேண்டுமானாலும் குறை சொல்லலாம். ரோட்டைத் திட்டினால் கூடச் சேர்ந்து திட்டுவார்கள். முன்னைப்போலக் குளிர் இல்லை என்றால் பெருமூச்சு விட்டு ஆமோதிப்பார்கள். சிறுவாணித் தண்ணீரைப் பற்றி மட்டும் வாயைத் திறந்துவிடக் கூடாது. உலகத்திலேயே ருசியில் இரண்டாவது தண்ணீர் அதுதானாம். அப்படியானால் முதல் தண்ணீர் எந்த ஊரில் இருக்கிறது என்று கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒருவருக்கும் தெரியவில்லை, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. நான் கோபிசெட்டிபாளையத்துப் பெண். வாய்க்காலில் குளித்து, கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவள். எங்களுக்குத் தண்ணீர் என்றால் தாகத்துக்குக் குடிப்பது, அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் சிறுவாணி பக்தர். வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் ஒரு சொம்புத் தண்ணீரைக் கையில் கொடுத்துவிட்டு, அவர்கள் குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே நிற்பார். "எப்படீங்க இருக்குது?" என்று கேட்பார். என் சித்தப்பா ஒருமுறை, "தண்ணியாட்டத்தான் இருக்குதுங்க மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டார். அடுத்த இரண்டு தீபாவளிக்கு அவரோடு இவருக்குப் பேச்சு வார்த்தை இல்லை.

எங்கள் வீட்டில் இரண்டு குழாய். சமையலறைக் குழாயில் சிறுவாணி வரும். பின்கட்டுக் குழாயில் போர்த் தண்ணீர், துணி துவைக்கவும் செடிக்கு ஊற்றவும். வாயில் வைத்தால் உப்பு. தெரியாமல் ஒரு வாய் அதைக் குடித்துவிட்டால் போதும், விஷத்தை விழுங்கியவரைப் போல வாசல்வரை ஓடித் துப்பிவிட்டு வருவார்.

இவருக்குத் தொழில், தண்ணீர் பம்பு மோட்டார் ரிப்பேர் பட்டறை. அந்தப் பட்டறை வாசலில் மழையில் நனைந்துகொண்டு கிடந்த நாய்க்குட்டியைத்தான் ஒரு நாள் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தார். பழுப்பு நிறம், ஒரு காது நிமிர்ந்து மற்றது மடிந்திருக்கும். அம்மணி என்று கூப்பிட ஆரம்பித்தார். கல்யாணமான புதிதில் என்னைத்தான் அப்படிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். நாய் வந்ததும் பட்டம் அதற்குப் போய்விட்டது, நான் வெறும் 'புள்ள' ஆனேன். மரியாதையும் அதற்குத்தான். "அம்மணி, சாப்பிட வாங்க", "அம்மணி, கொஞ்சம் நகந்து படுங்க." எனக்கு, "ஏம்புள்ள, காபி எங்க?"

வருடத்துக்கு ஒருமுறை வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட அம்மணியைக் கால்நடை டாக்டரிடம் கூட்டிப்போவோம். அந்த டாக்டரம்மா ஒரு தடவை ஊசி போட்டுவிட்டுச் சொன்னார்: "ஏனுங்க சார், அம்மணிக்கு வயசாகுதுங்க. இனிமே ஊசிக்கு மட்டும் வராம, ஆறு மாசத்துக்கு ஒருக்கா சும்மாவே கூட்டிட்டு வாங்க. ரத்தம், யூரின் எல்லாம் பாத்துபோடலாம்."

இவர் கை கூப்பி, "ஆகட்டுங்க, கண்டிப்பா வாரோமுங்க" என்றார். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் மாட்டேன் என்று யாரும் யாரிடமும் சொல்ல மாட்டோம், அது மரியாதைக் குறைவு. கை கூப்பி 'ஆகட்டுங்க' என்போம். எவ்வளவு பணிவாகச் சொல்கிறோமோ அவ்வளவு உறுதியாக அந்தக் காரியம் நடக்காது.

காரில் ஏறியதும் ஆரம்பித்தார். "நல்லா ஓடியாடிட்டு இருக்கற புள்ளைய எதுக்கு ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போறது? இல்லாத வியாதியெல்லாம் வந்து ஒட்டிக்கும்."

"டாக்டர்கிட்ட ஆகட்டுங்கன்னீங்க?"

"அவங்க மனசு நோகக் கூடாதில்ல புள்ள."

மறுவாரமே நான் சாப்பாட்டுக் கேரியரோடு பட்டறைக்குப் போனபோது, மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு பாக்குத்தோப்புக்காரர் கருகிப்போன மோட்டாரைக் கொண்டுவந்து இறக்கியிருந்தார். இவர் அவரை நிற்க வைத்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். "தண்ணிதான் ஏறுதேன்னு சும்மா இருந்துபோட்டீங்களா? ஓடறப்பவே கொண்டாந்து காட்டோணுங்க. சத்தம் வந்ததுக்கப்புறம் கொண்டாந்தா நான் என்ன பண்றதுங்க? உள்ள சுத்தின கம்பிக் காயிலே போச்சு!" தோப்புக்காரர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் கேரியரை வைத்துவிட்டு இவர் முகத்தைப் பார்த்தேன். துளி உறுத்தலாவது இருக்க வேண்டுமே! கிடையாது. சோற்றைப் பிசைந்து நிம்மதியாகச் சாப்பிட்டார்.

அந்தக் கோடையில் அம்மணி தண்ணீர் குடிக்க ஆரம்பித்தாள். எப்போதும் குடிப்பதுதான், ஆனால் இது வேறு மாதிரி. கிண்ணத்தை நிரப்பி வைத்துவிட்டுத் திரும்பினால் காலி. காலிக் கிண்ணத்தைக் காலால் தள்ளிக்கொண்டே என் பின்னால் வருவாள். எனக்குப் பயம் வந்தது. இவருக்கோ நெஞ்சு விம்மியது. "பாத்தியா புள்ள, ருசி தெரியுது! உனக்கு இத்தனை வருசமாத் தெரியல, அம்மணிக்குத் தெரியுது பாரு." வருகிறவர்களுக்கெல்லாம் சொம்போடு சேர்த்து அம்மணி தண்ணீர் குடிப்பதையும் காட்ட ஆரம்பித்தார். போத்தனூரிலிருந்து வந்த என் நாத்தனார் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். "ஏனுங்கண்ணா, எங்கூட்டு நாய் போர்த் தண்ணிய மோந்துகூடப் பாக்காதுங்க. சிறுவாணின்னா சும்மாவா?" இதற்கு மேல் அவருக்கு வேறென்ன சான்றிதழ் வேண்டும்?

அம்மணி இளைத்தாள். "வெயிலு புள்ள" என்றார். குட்டியாக வந்த நாளிலிருந்து வீட்டுக்குள் அசிங்கம் செய்யாதவள், கூடத்திலேயே ஈரம் செய்துவிட்டு வெட்கத்தோடு மூலையில் போய் நின்றாள். "நெறையக் குடிக்கறாளில்ல, வெளிய வரத்தானே செய்யும்" என்றார். டாக்டரிடம் காட்டலாம் என்று நான் சொன்னபோதெல்லாம் "ஆகட்டும் புள்ள" என்றார். நானே கூட்டிப்போகலாம் என்றால் எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. இவர் வண்டியில் உட்காராமல் அம்மணி ஏறவும் மாட்டாள். இரண்டும் ஒரே ஜாதிப் பிடிவாதம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். இவர் கதவோரம் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தார். அம்மணி தள்ளாடியபடி வந்து, போர்க் குழாய்க்கு அடியில் இருந்த வாளிக்குள் தலையை விட்டு மடக் மடக்கென்று குடித்தாள்.

"அய்யோ அம்மணி, அது உப்புங்க!" என்று ஓடிவந்து அவளைப் பிடித்து இழுத்தார். விட்டதும் மறுபடி வாளிக்குப் போனாள். தண்ணீர் மாறிப்போயிருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். துப்பினார். உள்ளே ஓடிப்போய்க் கிண்ணம் நிறையச் சிறுவாணி கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். அதையும் அதே வேகத்தில் குடித்தாள். முடித்ததும் திரும்ப வாளிக்கே போனாள். அவளுக்கு இரண்டும் ஒன்றுதான்.

நான் துணியைக் கீழே போட்டுவிட்டு இவரைப் பார்த்தேன். காபி டம்ளர் கதவோரத்தில் ஆறிக்கொண்டிருந்தது.

"கார்ச் சாவி எங்க புள்ள?" என்றார்.

அம்மணிக்குச் சர்க்கரை. இருக்க வேண்டிய அளவைத் தாண்டி எங்கேயோ போயிருந்தது. டாக்டரம்மா விளக்கை அடித்துக் கண்ணைப் பார்த்தார். இரண்டிலும் பால்போல வெள்ளை படர்ந்திருந்தது. வயசானால் அப்படித்தான் என்று அதற்கும் ஒரு காரணம் சொல்லி வைத்திருந்தார் என் வீட்டுக்காரர்.

"தண்ணி நெறையக் குடிச்சிருக்குமே, கவனிக்கலீங்களா சார்?"

"கவனிச்சோமுங்க." அம்மணியின் மடிந்த காதைத் தடவினார். "தண்ணி நல்லாருக்குதுன்னு குடிக்கறான்னு நெனச்சோமுங்க."

வேறு ஊர் டாக்டராக இருந்தால் சிரித்திருப்பார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "சிறுவாணிங்களா?" என்று கேட்டார். "ஆமாங்க." டாக்டரம்மா மெல்லத் தலையாட்டினார். அவரும் உள்ளூர்தானே, பாவம்.

பிறகு சொன்னார்: "ரத்தத்துல முன்னாடியே புடிச்சிருந்தா கண்ணு இவ்வளவு சீக்கிரம் போயிருக்காதுங்க. இப்ப மொதல்ல உசுரக் காப்பாத்தலாம். கண்ணை அப்புறம் பாத்துக்கலாம்."

அம்மணிக்கு சலைன் ஏறிக்கொண்டிருந்த மேசை ஓரத்தில் உட்கார்ந்து இவர் தேம்பித் தேம்பி அழுதார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்த மேட்டுப்பாளையத்துத் தோப்புக்காரரைக் கூட்டிவந்து எதிரில் நிறுத்தி, அன்றைக்குக் கேட்ட வசவையெல்லாம் இவருக்குத் திருப்பித் தரச் சொல்ல வேண்டும்போல இருந்தது. ஆனால் அம்மணி படுத்தபடியே அவர் கையைத் தேடித் தேடி நக்கினாள்.

உயிர் நின்றது, கண் போய்விட்டது. காலையும் மாலையும் சாப்பாட்டுக்கு அப்புறம் இன்சுலின் ஊசி. இவரேதான் போடுகிறார். ஒரு வேளை தவறியதில்லை. மேசையை, நாற்காலியை இம்மிகூட நகர்த்தக் கூடாது என்று வீட்டில் சட்டம். அம்மணியும் சுவரை உரசியபடி வீடு முழுக்கச் சுற்றி வருகிறாள். அவர் குரல் எந்தப் பக்கம் கேட்கிறதோ அந்தப் பக்கம் முகத்தைத் திருப்புகிறாள்.

திருந்தியவர்களின் தொல்லை திருந்தாதவர்களின் தொல்லையைவிடப் பெரியது. காலையில் நடக்கப் போகிற இடத்தில் நாயோடு வருகிறவர்களையெல்லாம் மறித்து, "ஏனுங்க, கடைசியா எப்பங்க ரத்தம் பாத்தீங்க? நல்லா இருக்குதுன்னு உட்றாதீங்க. நல்லா இருக்கறப்பவே காட்டோணுங்க" என்கிறார். பாதிப் பேர் "ஆகட்டுங்க" என்று கை கூப்புகிறார்கள். மீதிப் பேர் இவரைக் கண்டதும் நாயை இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்கள்.

ஊர் நாய்க்கெல்லாம் வைத்தியம் சொல்கிறவரின் சட்டை தோளில் தொங்க ஆரம்பித்ததை நான்தான் பார்த்தேன். ராத்திரியில் நாலு தடவை எழுந்து போகிறார். "நீங்களும் ஒருக்கா ரத்தம் பாத்துக்குங்க" என்றேன். "எனக்கென்ன புள்ள? மலையாட்டம் இருக்கேன்" என்றார். விடாமல் கேட்டதும், "ஆகட்டும், போலாம்" என்றார். ஆகட்டும் என்றால் என்னவென்று எனக்கா தெரியாது?

போன வாரம் மதியம், பட்டறையிலிருந்து வந்ததும் வழக்கம்போலத் தண்ணீர் கேட்டார். பின்கட்டுக் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தேன். சொம்பு நிறைய ஊற்றிக் கொடுத்தேன். துப்பிவிடுவார், என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்து நின்றேன். துப்ப வேண்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேகூட நின்றேன்.

மூச்சு விடாமல் குடித்தார். மீசையைத் துடைத்துக்கொண்டார். "என்னதான் சொல்லு புள்ள, சிறுவாணி சிறுவாணிதான்" என்று காலிச் சொம்பை மறுபடி நீட்டினார்.

நான் சொம்பை வாங்கவில்லை. "அது பின்கட்டுத் தண்ணீங்க" என்றேன்.

சொம்பைப் பார்த்தார். அம்மணி அவர் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, வெள்ளைக் கண்ணோடு காத்துக்கொண்டிருந்தாள். அவளையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

இந்தத் தடவை அவர் ஆகட்டும் என்று சொல்லவில்லை.

"கார்ச் சாவி எங்க புள்ள?" என்றார்.