கீழே யாரு?

லிஃப்ட் பழுது பார்க்கிறவர்களுக்குப் பயம் கிடையாது என்று ஒரு பேச்சு உண்டு. அவர்களே கிளப்பிவிட்ட பேச்சுதான். அவர்களுக்குள்ளும் பயமில்லாதவர் என்று பெயர் வாங்கியவர் பாதாளம். அது பட்டப்பெயர். லிஃப்ட் ஓடும் கூண்டுக்கு அடியில், தரைத்தளத்துக்கும் கீழே ஆளுயரத்துக்கு ஒரு குழி இருக்கும். இருட்டும் எண்ணெய்ப் பிசுக்கும் கசியும் தண்ணீரும் சேர்ந்து நாறுகிற அந்தக் குழிக்குள் மற்றவர்கள் முகம் சுளித்துக்கொண்டு இறங்குவார்கள். இவர் கொல்லைப்புறத்துக்குப் போவதுபோலப் போய்விட்டு வருவார். அதனால் வந்த பெயர். அதைத் தைரியம் என்று சொல்வது கொஞ்சம் அதிகப்படி. பயப்படும்படியாக அதுவரை அவருக்கு எதுவும் வாய்க்கவில்லை, அவ்வளவுதான்.

அவருக்குத் துணை, மனைவியின் தம்பி. அக்காவின் சிபாரிசில் வேலைக்குச் சேர்ந்தவன். கையில் வேலை ஓடுகிறதோ இல்லையோ, வாய் ஓடிக்கொண்டே இருக்கும். இருவரும் அலுவலகக் கட்டடங்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் சுற்றிச் சுற்றிப் போய் லிஃப்டுகளைச் சோதித்து வருவார்கள்.

அந்த வேலையில் ஒரு கட்டாயம் உண்டு. குழியில் இறங்குகிறவன் முதலில் சுவரில் இருக்கும் சிவப்பு சுவிட்சை அமுக்க வேண்டும். அமுக்கிவிட்டால் லிஃப்ட் எந்த மாடியில் நின்றாலும் அசையாது. ஏறும்போது அதை விடுவிக்க வேண்டும். அதன் பிறகு தரைத்தளத்துக் கதவு திறந்திருக்கும்வரைதான் லிஃப்ட் சும்மா இருக்கும். கதவை மூடினால் அதற்கு உயிர் வந்துவிடும். ஆகவே மூடுகிறவன் குழிக்குள் குனிந்து, “கீழே யாரு?” என்று உரக்கக் கேட்க வேண்டும். ஆள் ஏறி வந்ததைக் கண்ணால் பார்த்திருந்தாலும் கேட்க வேண்டும். பதில் வராவிட்டால்தான் கதவை மூடலாம். வேறொரு குழுவில் கேட்காமல் மூடிய ஒருவர் இருக்கிறார். இன்றுவரை அவர் யாரோடும் சரியாகப் பேசுவதில்லை.

இந்தக் கேள்வியைப் பாதாளம் எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பாரோ. தும்மல்போல அது பாட்டுக்கு வரும். அந்தப் புத்தகம் வரும்வரை.

புத்தகம் மகளால் வந்தது. வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அவளோடு அவர் தொலைபேசியில் பேசுவது ஒரு மூச்சில் முடிந்துவிடும். சாப்பிட்டியா, சாப்பிட்டேன், உடம்பு எப்படி, நல்லாருக்கேன், சரி அம்மாகிட்ட குடுக்கறேன். ஒருநாள் அவளே கூப்பிட்டு, “அப்பா, ஒரு உதவி பண்ணுவீங்களா?” என்றாள். ஜப்பான்காரர்களின் மங்கா, அதாவது படக்கதைத் தொடர் ஒன்று, தமிழில் வருவது. கிணற்றுக்குள் கிடக்கும் செத்துப்போன சாமுராய் வீரன் ஒருவனைப் பற்றியது. அவள் இருக்கும் ஊரில் கிடைப்பதில்லை. இங்கே ஒரு கடைக்குப் பாகம் பாகமாக வருகிறது. வாங்கி அனுப்ப வேண்டும்.

“மடக்கக் கூடாது. எச்சில் தொட்டுப் பக்கம் திருப்பக் கூடாது. கவர் மேல டீ டம்ளர வைக்கவே கூடாது.”

“நான் எதுக்கும்மா அதைத் தொடப்போறேன்?”

தொட்டார். முதல் பாகத்தை நம் வழக்கப்படி இடப்பக்கத்திலிருந்து திறந்து, கதையின் முடிவில் இருந்த பிணத்தை முதலில் பார்த்துவிட்டார். மகளிடம் கேட்டபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தப் புத்தகங்களை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டுமாம். அவள் அப்படிச் சிரித்து அவர் கேட்டு எவ்வளவு காலமாயிற்று! அன்று பேச்சு நீண்டது. மறுபடியும் சரியான பக்கத்திலிருந்து படித்தார். படித்து முடித்துத்தான் கூரியரில் அனுப்பினார். அதன் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது.

கதை பெரிய கதை என்று சொல்வதற்கில்லை. எஜமானின் சூழ்ச்சியால் கிணற்றில் தள்ளப்பட்ட ஒரு சாமுராய். அவனால் தானாக ஏறி வர முடியாது. மேலே வருகிற எவராவது தண்ணீர்ச் சத்தம் கேட்டுக் குனிந்து, “கீழே யார்?” என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விதான் அவனுக்குக் கயிறு. கேட்டவுடன் ஈரத் தலைமுடி முதலில் தெரியும். பிறகு, “அழைத்தாய். வந்தேன்” என்ற ஒரு பதில். கேட்டவர் அடுத்த பக்கத்தில் இருக்க மாட்டார். முதல் பாகத்தில் துணி துவைக்க வந்தவள். இரண்டாம் பாகத்தில் ஒரு காவல்காரன். மூன்றாம் பாகத்தில் எவருமே கேட்பதில்லை. பக்கம் பக்கமாகக் கிணற்றின் வட்ட வாயும் அதற்குள் தெரியும் வானமும்தான், உள்ளிருந்து மேலே பார்க்கிற மாதிரி. அவருக்கு மிகவும் ஆகாமல் போனது அந்தப் பாகம்தான். லிஃப்ட் குழியிலிருந்து அண்ணாந்தால் இப்படித்தான் தெரியும் என்று அவருக்குத் தெரியும்.

அடுத்த வாரம் ஒரு கட்டடத்தில் குழிக் கதவருகே குனிந்தார். வாய் திறந்தது, கேள்வி வரவில்லை. பயத்தின் காரணம் தெரிந்துவிட்டால் பயம் போய்விடும் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். அவருக்குக் காரணம் நன்றாகத் தெரியும். அச்சடித்த தாள், கறுப்பு மை, பொய்க்கதை. தெரிந்தும் கேட்க முடியவில்லை. கையிலிருந்த ஸ்பேனரால் கதவுச் சட்டத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். உள்ளே ஒன்றும் அசையவில்லை. கதவை மூடினார்.

அதன் பிறகு தட்டுவதே அவர் வழியாயிற்று.

“என்ன மாமா, புதுசா மணியடிக்கிறீங்க?” என்றான் மைத்துனன்.

“தொண்டை கட்டியிருக்கு மாப்ள.”

“மாசக்கணக்காவா? போய் டாக்டரப் பாருங்க. இல்லேன்னா அக்காவ ரெண்டு வார்த்த திட்டச் சொல்லுங்க, அடைச்சதெல்லாம் தானா தெறந்துக்கும்.”

அவர் சிரிக்கவில்லை. தட்டுவது கேள்வி ஆகாது என்று அவருக்குத் தெரியாதா? பக்கத்து லிஃப்ட் ஓடும் இரைச்சலில் தட்டு கேட்காது. கேட்டாலும், வேலைச் சத்தம் என்று உள்ளே இருப்பவன் நினைத்துக்கொள்வான். என்றைக்காவது ஒருநாள் அந்தக் கதவை ஒரு மனிதன்மேல் மூடிவிடுவோம் என்ற நினைப்பு சாப்பிடும்போதுகூட வந்து உட்கார்ந்துகொண்டது. ஆக, அவருக்கு இரண்டு பயம். ஒன்று பொய்யானது, மற்றது நிஜமானது. பொய்யான பயத்துக்குத்தான் பலம் அதிகமாக இருந்தது.

படிப்பதை நிறுத்திவிடலாமே என்று கேட்கலாம். நிறுத்தினால் மகளிடம் என்ன பேசுவது? “அப்பா, நாலாம் பாகம் முடிச்சிட்டீங்களா? யார் செத்தாங்கன்னு மட்டும் சொல்லிடாதீங்க!” என்று அவளாகவே கூப்பிடுகிறாள். அந்தக் குரலுக்காக அவர் நான்காம் பாகத்தையும் படித்தார். ஐந்தாம் பாகத்தையும், விளக்கைப் போட்டுக்கொண்டு, முதுகைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு படித்தார்.

ஆறாம் பாகம் வாங்கி வந்த மறுநாள் ஒரு பழைய அலுவலகக் கட்டடத்தில் வேலை. புத்தகம் பையோடு வண்டியிலேயே இருந்தது, அவர் இன்னும் பிரிக்கவில்லை. அடைத்துப்போன குழியில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். மைத்துனன்தான் இறங்கினான். சுவிட்சை அமுக்கிவிட்டு, குழியிலேயே பொருத்தியிருந்த மோட்டாரைப் போட்டுத் தண்ணீரை இறைத்து, உருளைகளுக்கு எண்ணெய் விட்டு, சுவிட்சை விடுவித்து ஏறி வந்தான். “முடிஞ்சது மாமா. தண்ணி கொஞ்சம் நிக்குது, மோட்டார் ஓடட்டும்” என்றான். பாதாளம் கைகழுவ நடைக்கோடியில் இருந்த குழாய்க்குப் போனார்.

திரும்பி வந்தபோது கதவு திறந்திருந்தது. மைத்துனனைக் காணோம். டீ சொல்லப் போயிருப்பான் என்று நினைத்தார். மேலே எந்த மாடியிலோ ஆட்கள் சலித்துக்கொள்வது கேட்டது. ஒருவர் பொத்தானை விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தார். தண்ணீர் இறைக்கும் மோட்டார் குழிக்குள் கடகடத்தது. ஸ்பேனரை எடுத்துச் சட்டத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். பதில் இல்லை. கதவை இழுத்து மூடத் தொடங்கினார்.

பாதி மூடியிருப்பார். கீழே தண்ணீரில் ஏதோ ‘சளக்’ என்றது.

குனியக் கூடாது என்று நினைத்துக்கொண்டே குனிந்தார். குழியின் மூலையில், இருட்டுக்குள், ஈரமான தலைமுடி தெரிந்தது. முகம் தெரியவில்லை. அது மெதுவாக அசைந்தது.

அவர் கை கதவை இன்னும் வேகமாக இழுத்தது. இதை உள்ளபடி சொல்ல வேண்டும். பயந்த மனிதனின் கை முதலில் கதவைத்தான் மூடும். ஒரு கையளவு இடைவெளி மிஞ்சியிருந்தபோது அவருக்கு அந்த எண்ணம் வந்தது. கேட்டால், வருவது எதுவானாலும் தனக்கு. கேட்காவிட்டால் யாருக்கு?

இடைவெளியில் காலை நுழைத்தார். வாயைத் திறந்தார். குரல் கிழிந்து வந்தது.

“கீழே... யாரு?”

மோட்டார் கடகடத்தது. பிறகு குழிக்குள்ளிருந்து, கரகரத்த, இழுத்த குரலில் பதில் வந்தது.

“அழைத்தாய். வந்தேன்.”

பாதாளம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தான் கத்தினோமா இல்லையா என்று பின்னால் அவரால் சொல்ல முடியவில்லை. கால் மட்டும் கதவிடுக்கிலேயே இருந்தது. கீழே சிரிப்பு வெடித்தது.

“மாமா! மாமா, நான்தான்! காலையில வண்டியில அந்தப் புஸ்தகத்தப் பெரட்டினேன். முன்கதைச் சுருக்கத்துல எல்லாரும் இதையே கேட்டுச் சாவறானுங்களே! டார்ச்ச உள்ள விட்டுட்டேன், எடுக்க எறங்கினேன். உங்க மூஞ்சியப் பாக்கணுமே இப்போ!”

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. கோபமும் வரவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

“மாப்ள, சுவிட்ச அமுக்கினியா?”

சிரிப்பு நின்றது. கீழே தண்ணீரில் இரண்டு எட்டு வைக்கும் சத்தம். பிறகு ‘டக்’ என்று ஒரு சின்ன ஒலி. அப்போதுதான் அமுக்கினான்.

அந்த ‘டக்’கைவிடப் பயங்கரமான எதுவும் எந்தப் பாகத்திலும் வரையப்படவில்லை.

அவன் ஏறி வந்தான். டார்ச்சை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தான், கைக்குழந்தையைப் பிடிப்பதுபோல. இருவரும் மாடிப்படியில் உட்கார்ந்தார்கள். மேலே பொத்தானை அமுக்குகிறவர் இன்னும் அமுக்கிக்கொண்டுதான் இருந்தார்.

“ஒரு நிமிஷ வேலதானேன்னு...” என்றான்.

“ம்.”

“நீங்க தட்டினது காதுல விழவே இல்ல மாமா. தொண்டைக்கு என்னதான் ஆச்சு உங்களுக்கு?”

சொன்னார். சாமுராயிலிருந்து ஸ்பேனர்வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னார். கேலி செய்வான் என்று காத்திருந்தார். குழிச் சுவரில் கசிந்த தண்ணீரில் நனைந்த மண்டையைச் சொறிந்துகொண்டு அவன் கேட்டான்.

“கதைக்கா இவ்ளோ பயந்தீங்க?”

“கதைக்குத்தான்.”

“அப்புறம் ஏன் கேட்டீங்க?”

அவர் ஸ்பேனரை எடுத்துக் கருவிப் பைக்குள் போட்டார். அவனே, “அக்காகிட்ட சொல்லிடாதீங்க” என்றான்.

“எதை?”

“ரெண்டையும். பயங்காட்டினதையும், சுவிட்ச மறந்ததையும்.”

ஆறாம் பாகத்தை அந்த வார விடுமுறையில், பகல் வெளிச்சத்தில் படித்தார். அதில் சாமுராயின் பழைய கதை வருகிறது. தள்ளப்பட்ட அன்று அவன் சாகவில்லை. எலும்பு முறிந்து, தண்ணீரில் நின்றபடி சத்தம் போட்டுக்கொண்டிருந்திருக்கிறான். வழியில் போனவர்கள் எல்லோருக்கும் கேட்டது. எல்லோரும் பயந்தார்கள். குனிந்து, கீழே யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, மேசைமேல் வைத்து, நெடுநேரம் அதன்மேல் கையை வைத்துக்கொண்டிருந்தார். கதை பெரிய கதை இல்லை என்ற எண்ணத்தை அவர் இப்போதும் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனாலும் அந்தப் பாகத்தை மட்டும் கூரியரில் அனுப்பத் தாமதித்தார்.

மகள் கூப்பிட்டாள். “அப்பா, முடிச்சிட்டீங்களா? பயமா இருக்கா?”

“இருக்கு.”

“நீங்களா? பாதாளமா?” அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, “என்னப்பா, நெஜமாவா?” என்றாள்.

“நெஜமாத்தாம்மா” என்று ஆரம்பித்தார். அன்று அம்மாவிடம் தொலைபேசி போய்ச்சேர வெகுநேரமாயிற்று.

இப்போது கதவை மூடுமுன் குனிந்து கேட்கிறார். குரல் நடுங்குகிறது. இல்லை என்று அவர் சொன்னாலும் மைத்துனன் ஒப்புக்கொள்வதில்லை. அவனும் குழிக்குள் இருக்கும்போது விளையாட்டுப் பதில் சொல்வதில்லை. “நான்தான் மாமா, இருக்கேன்” என்று முதலில் சொல்லிவிட்டு, கேட்காமலே அடுத்ததையும் சொல்கிறான்.

“அமுக்கியிருக்கேன்.”