என் சட்டைப் பையில் இருந்த பதில்

சென்ற வருஷம் மழை பிடித்த நாட்களில் என் மனைவி ஷீலாவின் வலது கை நடுங்க ஆரம்பித்தது. காபி கப்பைச் சாஸரில் வைக்கும்போது டக டக என்று சத்தம் வரும். "குளிருக்குத்தான்" என்றாள். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

ஷீலாவை, நான் சாட்சி சொல்ல நிற்கும் இந்தச் சபையில், எல்லோருக்கும் தெரியும். ஜீவனஹள்ளியில் ஒரு சிறிய பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு டீச்சர். காக்ஸ் டவுனில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போவாள். அவள் வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியாது. அப்படிப்பட்டவள் தீபாவளி விடுமுறைக்குள் காலைத் தேய்த்துத் தேய்த்து நடக்க ஆரம்பித்தாள். கரும்பலகையில் அவள் எழுதும் எழுத்து வரவரச் சிறுத்துக்கொண்டே போனது. பின்வரிசைப் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை என்று தலைமை ஆசிரியை இரண்டு தடவை சொல்லிவிட்டார்.

எல்லாவற்றையும்விட அவள் முகம்தான் மாறிப்போனது. அதில் சிரிப்பும் இல்லை, வருத்தமும் இல்லை. சுவரைப் பார்ப்பது போல மனிதர்களைப் பார்த்தாள். அவளுக்கு என்மேல் ஏதோ கோபம் என்று நான் நினைத்தேன்.

ஒரு நாள் சாயங்காலம் ஜெபக் குழுவினர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அவர்கள் போனதும் நான் சீறினேன்.

"வந்தவங்க முன்னாடி ஒரு சிரிப்பு சிரிச்சா என்ன கொறஞ்சா போயிடும்? மூஞ்சியை உர்ருனு வெச்சிக்கிட்டு நிக்கற?"

"நான் சிரிச்சேங்க," என்றாள் மெதுவாக. "சிரிச்சேன்னுதான் நெனச்சேன்."

நான் நம்பவில்லை. ஆண்டவர் என்னை மன்னிப்பாராக. அவள் உண்மையைத்தான் சொன்னாள்.

கிறிஸ்துமஸுக்கு முன்பு ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் நடக்கச் சொன்னார், கையை மடக்கிப் பார்த்தார். "வேற ஏதாவது மருந்து சாப்பிடறாங்களா?" என்று கேட்டார். ஷீலா வாயைத் திறந்தாள். அவளுக்கு அப்போது பேச்சும் மெதுவாகிவிட்டிருந்தது. நான் முந்திக்கொண்டேன். "சுகர் இல்ல, பிபி இல்ல. எதுவும் சாப்பிடறதில்ல, டாக்டர்."

இது நரம்புத் தளர்ச்சியால் வரும் நடுக்க நோய், முழுதாகப் போகாது, மாத்திரையால் சமாளிக்கலாம் என்றார். வீட்டுக்கு வந்ததும் ஷீலா பள்ளிக்கூட வேலையை விட்டுவிடுவதாகச் சொன்னாள். "பசங்க பயப்படறாங்க. மிஸ் கோவமா இருக்காங்கன்னு ஒரு கொழந்தை அழுதுடுச்சி." அதைச் சொல்லும்போதும் அவள் முகம் அசையவில்லை.

நான் உபவாசம் இருக்க ஆரம்பித்தேன். ஜெபித்து ஜெபித்து ஒன்றும் நடக்காதபோது என் மனம் கோணலாகப் போனது. சுகம் வராததற்கு அவளிடம்தான் ஏதோ தடை இருக்கிறது என்று முடிவு கட்டினேன். ஒரு ஞாயிறு மத்தியானம் அவளை முழங்காலில் நிற்க வைத்தேன். "யார் மேலயாவது கசப்பு வெச்சிருக்கியா? மறைக்காம பாவத்தை அறிக்கை பண்ணு" என்றேன். அவள் யோசித்து யோசித்து எதையெதையோ சொன்னாள். தன் தங்கையிடம் எப்போதோ கோபமாகப் பேசியது, ஒரு பிள்ளையைக் கையில் தட்டியது. முகம் கல்லாக இருந்தது. கண்ணீர் மட்டும் வழிந்தது. எழுந்திருக்க முடியாமல் என் கையைப் பிடித்தாள். அந்தக் கை நடுங்கியது இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது.

அந்த வாரத்தில் ஒரு நாள் வேலையிலிருந்து பாதியிலேயே கிளம்பி நம் ஆலயத்துக்கு வந்தேன். உள்ளே யாரும் இல்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். அன்றைக்கு எனக்கு அழகான ஜெபம் எதுவும் வரவில்லை. "ஆண்டவரே, சுகம் தராவிட்டாலும் காரணத்தையாவது காட்டும். எங்கே தப்பு இருக்கிறது என்று காட்டும்" என்றேன். அந்தத் தப்பு வேறு யாரிடமோ இருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் கேட்டேன்.

வெளியே வந்தபோது ரோஸி அக்கா எதிரே வந்தார். எங்கள் ஜெபக் குழுவை நடத்துகிறவர். என்னைப் பார்த்ததும் நின்றார்.

"தம்பி, நான் தெனம் ஜெபம் பண்றேன். ஆனா நீங்க இன்னொரு டாக்டர்கிட்டயும் காட்டிடுங்க. என் பொண்ணு வேலை பாக்கற ஆஸ்பத்திரியில ஒரு லேடி டாக்டர் இருக்காங்க. பொறுமையா கேப்பாங்களாம்."

மறுவாரமே கிளம்பினோம். போகிற வழியில் ஆட்டோவைச் சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டு பக்கம் நிறுத்தச் சொன்னேன். அங்கே எனக்குப் பழக்கமான மெடிக்கல் ஷாப் ஒன்று உண்டு. காலி மாத்திரை அட்டையைக் காட்டினால் போதும். "சார், அதேதானே?" என்று புது அட்டையை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். வாயுத் தொல்லைக்கு ஷீலா சாப்பிடும் கேஸ் மாத்திரை தீர்ந்திருந்தது. வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அந்த டாக்டர் கன்னடக்காரர். எங்களுக்காகத் தமிழில் பேசினார். ஷீலாவைப் பரிசோதித்துவிட்டு அவளிடமே கேட்டார். "காலையில எழுந்ததும் என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்க, அம்மா?"

நான் வாயைத் திறந்தேன். டாக்டர் என்னைப் பார்க்காமல் கையை மட்டும் உயர்த்தினார். ஷீலா சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார்.

"டிபனுக்கு முன்னாடி... கேஸ் மாத்திரை ஒண்ணு."

"பேரு தெரியுமா?"

அவளுக்குத் தெரியவில்லை. நான் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தேன். டாக்டர் அட்டையைத் திருப்பி, பின்னால் இருந்த சின்ன எழுத்தைப் படித்தார்.

"இது எத்தனை நாளா?"

"ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும்," என்றேன்.

"தொடர்ந்து சாப்பிடச் சொன்னது யாரு?"

ஷீலாதான் பதில் சொன்னாள். "டாக்டர் ஒரு மாசத்துக்குத்தான் எழுதுனாரு. திரும்ப வந்து காட்டச் சொன்னாரு. நாங்க போகல." என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. 'நாங்க' என்றாள்.

நடந்தது இதுதான். வயிறு உப்புசமும் ஏப்பமுமாக அவள் அவதிப்பட்டபோது ஒரு கிளினிக்கில் அந்த மாத்திரையை எழுதித் தந்தார்கள். நன்றாகக் கேட்டது. மாதம் முடிந்ததும் திரும்பப் போகலாம் என்று அவள்தான் சொன்னாள். எனக்கு லீவு போட மனசில்லை. "அதே மாத்திரைதானே? நானே வாங்கிட்டு வரேன்" என்றேன். அன்றிலிருந்து அவளுக்கு டாக்டர் நானாகிவிட்டேன்.

டாக்டர் எங்களுக்கு நிதானமாக விளக்கினார். அந்த கேஸ் மாத்திரைக்குள் இரண்டு மருந்துகள். ஒன்று அமிலத்தைக் குறைக்கும். மற்றொன்று வயிறு சீக்கிரம் காலியாக உதவும். அந்த இரண்டாவது மருந்தையே கூடுதல் அளவில் மனநோய்க்கும் கொடுக்கிறார்களாம். வயிற்றுக்கு என்று சாப்பிட்டாலும் அது மூளையிலும் வேலை செய்கிறது. சிலருக்கு, அதிலும் நாளாக ஆக, கை நடுக்கம், நடைத் தளர்ச்சி, முகம் இறுகிப்போவது எல்லாம் வரலாம்.

"கெட்ட மருந்து இல்ல," என்றார். "தேவைப்படறவங்களுக்குத் தேவையான அளவுல, தேவையான நாள் மட்டும் கொடுத்தா நல்லா உதவும். நடுவுல ஒருத்தர் பாத்துக்கிட்டே இருக்கணும்."

"சரியாயிடுமா, டாக்டர்?"

"நெறைய பேருக்கு ஆயிடும். மாசக்கணக்குல ஆகலாம். சிலருக்கு முழுசா போகாது. இப்பவே சத்தியம் பண்ண மாட்டேன்."

அந்த மாத்திரையை நிறுத்தச் சொன்னார். முதல் டாக்டர் கொடுத்த நடுக்க மாத்திரையை எப்படிக் குறைப்பது என்பதையும் அவரே எழுதித் தந்தார். நாங்களாக எதையும் நிறுத்தவோ தொடங்கவோ கூடாது என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

காரணத்தைக் காட்டும் என்று கேட்டேன். என் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார் ஆண்டவர்.

ஆட்டோவில் திரும்பும்போது நான் சொன்னேன். "ஷீலா, நான்தான் உன்னை இப்படிப் பண்ணிட்டேன். என்னை மன்னிச்சிடு."

"மன்னிச்சிட்டேங்க," என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை. மனசாரச் சொன்னாளா, சும்மா சொன்னாளா, கண்டுபிடிக்க வழியில்லை. அவள் முகத்தில் எதையும் படிக்க முடியாதபடி செய்தவன் நான்தான். அவள் வார்த்தையை மட்டும் வைத்துக்கொண்டு பல வாரங்கள் வாழ்ந்தேன். தெரிந்தவர்கள் "ஷீலாவை நல்லா பாத்துக்கறீங்க" என்று பாராட்டினால் எழுந்து ஓடிவிடலாம் போல இருக்கும்.

மெதுவாகத்தான் மாற்றம் வந்தது. முதலில் கால். வாசற்படியை என் கையைப் பிடிக்காமல் இறங்கினாள். பிறகு குரல். கைநடுக்கம் ஒரு நாள் குறையும், மறுநாள் கூடும். முகம் மட்டும் அப்படியே இருந்தது. "முகத்தையும் தாரும், ஆண்டவரே. அவள் ஒரு தடவை சிரித்தால் போதும்" என்று ஜெபித்துக்கொண்டே இருந்தேன்.

ஈஸ்டர் கழிந்து சில வாரங்கள் இருக்கும். கல்யாண வீட்டு பிரியாணியால் எனக்கு நெஞ்செரிச்சல். வரும் வழியில் மெடிக்கல் ஷாப்பில் நானாகவே ஏதோ ஒரு கேஸ் மாத்திரை கேட்டு வாங்கிவந்து சாப்பாட்டு மேஜைமேல் வைத்தேன். ஆம், நானேதான். மனிதன் அவ்வளவு சுலபமாகத் திருந்துவதில்லை.

ஷீலா அதை எடுத்துப் பார்த்தாள். அவள் புருவம் சுருங்கியது. உதடு துடித்தது. கன்னம் சிவந்தது.

"புத்தி இருக்குதா உங்களுக்கு? யாரைக் கேட்டு வாங்கினீங்க?" அட்டையைச் சுவரில் விட்டெறிந்தாள். "ஒரு வருஷம், ஒரு வருஷம் என் மூஞ்சியை எங்கிட்டருந்து புடுங்கிட்டீங்க! அது பத்தாதுன்னு என்னை முழங்கால்ல நிக்க வெச்சி, என்ன பாவம் பண்ணேன்னு கேட்டீங்களே! அன்னிக்கு நான் எதைச் சொல்றதுன்னு தெரியாம ஒண்ணொண்ணா தேடினேனே, தெரியுமா உங்களுக்கு?"

அவள் கண்ணில், நெற்றியில், வாயில், எல்லா இடத்திலும் கோபம் இருந்தது. ஜெபத்தில் நான் கேட்டது சிரிப்பை. முதலில் வந்தது இது. எனக்கு வேண்டியது இதுதான் என்று கர்த்தருக்குத் தெரிந்திருக்கிறது. அவள் முடிக்கும்வரை நின்று கேட்டேன். உள்ளுக்குள் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே கேட்டேன். அன்றைக்குப் பிறகுதான் அவள் என்னை மெய்யாகவே மன்னிக்கத் தொடங்கினாள் என்று நினைக்கிறேன். இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் காபி கொடுத்தாள்.

ஷீலா இந்த ஜூனில் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிவிட்டாள். பிள்ளைகளோடு சிரிக்கிறாள். வலது கட்டைவிரலில் மட்டும் ஒரு சிறு நடுக்கம் மிச்சம் இருக்கிறது. அது போகலாம், போகாமலும் இருக்கலாம் என்கிறார் டாக்டர். மேஜைமேல் அந்த விரல் அசைவதைப் பார்க்கும்போதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொள்கிறேன்.

அந்த மருந்தின் பெயரை நான் வேண்டுமென்றே சொல்லவில்லை. சொன்னால் உங்களில் யாராவது வீட்டுக்குப் போய் அதை நிறுத்திவிடுவீர்கள். அது வேண்டியவர்களும் இங்கே இருக்கலாம். நீங்கள் சாப்பிடுவது என்ன, எவ்வளவு நாளைக்கு என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். அவர் திரும்ப வரச் சொன்னால் லீவு போட்டுவிட்டுப் போங்கள். அவர் கேள்வி கேட்கும்போது நோயாளியைப் பேசவிடுங்கள். அது எவ்வளவு மெதுவான பேச்சாக இருந்தாலும் சரி.

நம் ஜெபத்தைக் கர்த்தர் கேட்கிறார். இதற்கு நானே சாட்சி. பயப்படாமல் அவரிடம் கேளுங்கள். அவர் உங்கள் பக்கமாகவே கையை நீட்டிக் காட்டினாலும், முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள்.