பாம்புக்கு ஒரு சூடான அறை

என் வீட்டுக்காரர் விக்னேஸ்வரனுக்கு ஓரிடத்தில் இருக்கத் தெரியாது. லண்டனில், ரூற்றிங்கில் ஓர் ஆஸ்பத்திரியின் சாமான் அறையில் நாள் முழுக்க நின்று வேலை செய்துவிட்டு வருகிற மனிதர், வீட்டுக்கு வந்தாவது கதிரையில் சாய்வாரா? மாட்டார். குழாய் சொட்டுகிறதா என்று பார்ப்பார், பின்கதவுப் பூட்டை ஆட்டிப் பார்ப்பார், நான் அடுப்பில் வைத்த கறியின் மூடியைத் திறந்து பார்ப்பார். மோர்டனில் இந்த வீட்டை வாங்கி இருபது வருஷத்துக்கு மேலாகிறது. அவர் கழற்றிப் பூட்டாத ஆணி இதில் கிடையாது. அரியண்டம் தாங்காமல் நான் எத்தனையோ நாள் கத்தியிருக்கிறேன். இப்படிப்பட்ட ஆளிடம்தான் போன கார்த்திகையில் எங்கள் மகள் ஒரு பாம்பைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

மகள் தாரிணி வால்தம்ஸ்டோவில் இருக்கிறாள். நாங்கள் அவளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், தனியாக இருக்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவள். தகப்பன் பேச்சை நிறுத்தினார். அவளும் நிறுத்தினாள். இப்படியே இரண்டு வருஷம். இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு, ஒரே பிடிவாதம். நடுவில் கிடந்து, அங்கே ஒரு உண்மை இங்கே ஒரு பொய் என்று ஓடித்திரிந்தவள் நான். அவர் வேலைக்குப் போன நேரம் பார்த்துத்தான் அவள் இந்த வாசலுக்கே வருவாள்.

அன்றைக்கு அவர் வீட்டில் நிற்கிறார் என்று தெரிந்தும் வந்தாள். கையில் கம்பளி சுற்றிய ஒரு பிளாஸ்ரிக் பெட்டி. வீட்டுச் சொந்தக்காரன் பாம்பைக் கண்டுவிட்டானாம், வைத்திருக்க விடமாட்டானாம். வேறு வீடு கிடைக்கும்வரை வைத்துக்கொள்ள ஆள் வேண்டும். சிநேகிதர்கள் எல்லாரும் கையை விரித்துவிட்டார்கள்.

"பாம்பை வீட்டுக்கை எடுக்க ஏலாது பிள்ளை. கோயிலிலை எண்டால் கும்பிடுவன். இஞ்சை வேண்டாம்," என்று நான் கதவை மறித்துக்கொண்டு நின்றேன்.

எனக்குப் பின்னாலிருந்து அவர் வந்தார். கம்பளியை விலக்கி உள்ளே எட்டிப் பார்த்தார். கறுப்பும் மண்ணிறமுமாய், பந்து போலச் சுருண்டு, தலையை நடுவில் புதைத்துக்கொண்டு கிடந்தது. மலைப்பாம்பு இனத்தில் சின்னது, நஞ்சில்லாதது, பெயர் பிஸ்கற் என்று என்னிடம் சொல்வதுபோல அவருக்குச் சொன்னாள் தாரிணி. அவர் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை.

"இதுக்கு எவ்வளவு சூடு வேணும்?" என்று பெட்டியைப் பார்த்தே கேட்டார்.

இரண்டு வருஷத்தில் மகளிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது. அதற்காகவே நான் கதவை விட்டு விலகினேன்.

பிறகு தொடங்கியது விசர். தாரிணியின் பழைய அறையைத் திறந்தார். அங்கிருந்த உடுப்பு அலுமாரியைப் பிரித்து, அந்தப் பலகையிலேயே ஆள் படுக்கக்கூடிய நீளத்துக்கு ஒரு கூடு அடித்தார். முன்பக்கம் தள்ளித் திறக்கிற கண்ணாடி, இரண்டு பக்கமும் காற்றுப் போகிற சல்லடை. மூலைகளுக்குப் பசை பூசி, மணம் போகட்டும் என்று நாள்கணக்கில் திறந்து வைத்தார். வெளிச்சம் தராமல் வெப்பம் மட்டும் தருகிற பீங்கான் குமிழ் ஒன்றை உள்ளே மாட்டி, பாம்பு அதில் சுற்றிக்கொண்டு வெந்துவிடக் கூடாது என்று கம்பிக்கூடையால் மூடினார். சூடு ஏறினால் நிறுத்தவும் இறங்கினால் போடவும் சிவப்பு எழுத்தில் சூடு காட்டுகிற தேர்மோஸ்ராற் பெட்டி ஒன்றைச் சுவரில் பூட்டினார். மனுசன் சாப்பிட வந்தால்கூடக் கையில் அளவுநாடா இருக்கும்.

ஒவ்வொரு ஞாயிறும் தாரிணி போன் எடுப்பாள். முன்னர் என்றால் எனக்கு எடுப்பாள், இப்போது அவருக்கு. நான் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டே காதைத் தீட்டி வைத்திருப்பேன்.

"அப்பா, முழுப் பெட்டியையும் சூடாக்கக் கூடாது. ஒரு பக்கம் சூடு, மற்றப் பக்கம் கொஞ்சம் குளிர். ரெண்டு பக்கமும் ஒளிச்சிருக்க ஒவ்வொரு பொந்து."

"வீட்டுக்கை வச்சுக்கொண்டு ஒரு பக்கத்தைக் குளிர விடுறதோ? என்ன கதை இது?"

"அது தனக்கு வேண்டின இடத்திலை இருக்கும் அப்பா. நாங்கள் சொல்ல ஏலாது."

அளவுநாடா இழுபட்டுச் சுருண்ட சத்தம் கேட்டது. பிறகு, "சரி, செய்யிறன்," என்றார். அவர் ஒருவருக்குச் சரி சொல்லி நான் கேட்டது அபூர்வம்.

பாம்பைப் பற்றித்தான் கதை, வேறு ஒன்றும் இல்லை. உடம்பு எப்படி, வேலை எப்படி என்று இரண்டு பேரும் கேட்கவே மாட்டார்கள். தின்றதா, தோல் கழற்றியதா, தண்ணீர் குடித்ததா, அவ்வளவுதான். ஆனாலும் கதைத்தார்களே. தீனிக்கான உறைந்த எலிகளை மட்டும் என் பிரிட்ஜுக்குள் விடமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். அவற்றுக்குத் தோட்டத்துக் கொட்டிலில் ஒரு குட்டி பிரீசர் வந்தது. வெள்ளிக்கிழமை நான் விரதம், அதனால் பாம்புக்கும் அன்றைக்குத் தீன் இல்லை. அந்த அறைக்குள் நான் கால் வைக்கவில்லை.

மார்கழியில் கரைச்சல் தொடங்கியது. அவர் வேலையால் வந்து அந்த அறைக்குப் போவார், உடனே கத்திக்கொண்டு வெளியே வருவார். தேர்மோஸ்ராற்றில் சூடு பாதியாக இறங்கிப்போய்க் கிடக்கிறதாம். சனி, ஞாயிறில் ஒரு குறையும் இல்லை, வேலை நாட்களில்தான் இப்படி. பெட்டியைக் கடையில் கொடுத்து வேறொன்று மாற்றினார். அதுவும் அப்படியே. வயரைப் பிரித்துப் பார்த்தார், சல்லடையில் பாதியை அடைத்தார், கூட்டைச் சுற்றிக் கம்பளி கட்டினார். நித்திரையும் இல்லை, ஆள் வீட்டுக்குள் பேய் பிடித்தவர்போல நடந்து திரிந்தார்.

கடைசியில் என்னிடம் வந்தார்.

"இஞ்சேரும், நீர் மீன் பொரிச்சுப்போட்டு அந்த அறை யன்னலைத் திறந்தனீரோ?"

எனக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் குசினியில் வேலை. காலையில் அவருக்கு முன்னே போய், பின்னேரம் அவருக்கு முன்னே வந்துவிடுவேன். அந்த இடைநேரத்தில் நான்தான் வீட்டில் தனியே என்பதைப் பிடித்துக்கொண்டார்.

"நான் அந்தப் பக்கமே போறேல்லை."

"உமக்கு அது இஞ்சை இருக்கிறது விருப்பமில்லை எண்டு எனக்குத் தெரியும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விருப்பமில்லைதான், அதற்காக நான் என் பிள்ளையின் சாமானைக் கொல்லுவேனா? அன்றைக்கு வாயில் வந்தபடியெல்லாம் பேசினேன். அதற்குப் பிறகு ஒரு மாதமாக யன்னல் பிடியில் அவர் ஒரு செலோரேப் துண்டை ஒட்டி வைத்துப் பார்த்துத் திரிந்தார். அப்படிச் சந்தேகப்படுகிற ஒருவரோடு ஒரே மேசையில் இருந்து சோறு தின்பது லேசான காரியம் இல்லை.

தையில் பாம்பு வாயைத் திறந்து மூச்சு எடுக்கத் தொடங்கியது. மூக்கில் குமிழி. அவர் அதைத் தன் ஜக்கெற்றுக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு மிருக வைத்தியரிடம் ஓடினார். குளிர் பட்டுச் சளி பிடித்திருக்கிறது, ஊசி போடலாம், ஆனால் இனி ஒருமுறை இப்படிக் கூடு ஆறினால் தாங்காது என்று சொல்லி அனுப்பினார்களாம். அதை மறைக்காமல் அவரே மகளுக்குச் சொன்னார்.

அடுத்த நாளே தாரிணி வந்தாள். முகம் இறுகியிருந்தது. அறைக்குள் போய், பற்றரியில் வேலை செய்கிற ஒரு சின்னக் கமராவைத் தட்டில் வைத்தாள். வால்தம்ஸ்டோவில் இருந்தபடியே போனில் பார்க்கலாமாம்.

"இன்னொருக்கா ஆறினால் நான் எங்கையாவது ஒரு இடத்திலை குடுத்துப்போடுவன் அப்பா. ஏலாது. அது சாகிறதை என்னாலை பாத்துக்கொண்டிருக்க ஏலாது," என்றாள்.

அவர் கூட்டின் கண்ணாடியை இழுத்துச் சாத்தினார். பாம்பு போனால் ஞாயிற்றுக்கிழமை போனும் போகும், அதற்குப் பிறகு இவர்கள் இரண்டு பேரும் கதைப்பதற்கு இந்த உலகத்தில் வேறு ஒன்றுமே இல்லை.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் தட்டு கழுவிக்கொண்டு நின்றபோது என் போன் அடித்தது.

"அம்மா, தனியவோ நிக்கிறீங்கள்? ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறன், பாருங்கோ."

பார்த்தேன். இவர் ஜக்கெற்றும் சப்பாத்துமாய் அறைக்குள் வருகிறார். குனிந்து இரண்டு பக்கத்துச் சூட்டையும் பார்க்கிறார். கண்ணாடியைச் சட்டைக் கையால் துடைக்கிறார். வாய் அசைகிறது. பிறகு திரும்பி வெளியே நடக்கிறார். நடக்கிற போக்கிலேயே அவருடைய வலது கை சுவருக்குப் போய், பிளக் சுவிட்சை அமத்துகிறது. கண் அந்தப் பக்கம் போகவே இல்லை. சிவப்பு எழுத்து அணைகிறது.

வீட்டை விட்டுப் போகிறபோது கேத்தில், ரீவி, அயன் என்று ஒவ்வொரு பிளக்காக அணைத்துவிட்டுப் போகிற மனிதர் என்பது எங்களுக்குத் தெரியாததா? தாரிணி இருந்த காலத்தில் அந்த அறைக் கதவு சாத்தியே கிடக்கும், அவர் உள்ளே போகமாட்டார், அதனால் அந்த அறைப் பிளக் எங்கள் நினைவுக்கே வரவில்லை. தன் கையால் அடித்த கூட்டை அவரே அணைப்பார் என்று யார் நினைத்தது.

"வரட்டும் இண்டைக்கு. ஒரு மாசமா என்னை என்ன பாடு படுத்தினவர்," என்றேன்.

"அம்மா, சண்டை பிடிக்காதேங்கோ. அவர் பிஸ்கற்றோடை கதைச்சது கேட்டதோ உங்களுக்கு?"

கழுவும் இயந்திரத்தின் இரைச்சலில் எனக்குக் கேட்டிருக்கவில்லை. பின்கதவால் வெளியே போய், போனைக் காதில் வைத்துக்கொண்டு மறுபடியும் போட்டேன்.

"பிள்ளை, அப்பா வேலைக்குப் போட்டு வாறன். வடிவாச் சாப்பிடு. தனிய இருக்கிறன் எண்டு யோசிக்காதை. அப்பா நிக்கிறன்தானே."

பிறகு சுவரில் ஒரு 'டிக்', பக்கத்து அறையில் ஒரு 'டிக்', படியடியில் இன்னொரு 'டிக்'. தாரிணி அந்தப் பக்கம் அழுதுகொண்டிருந்தாள். எனக்கு அழுவதற்கு நேரம் இல்லை, அங்கே கூடு ஆறிக்கொண்டிருந்தது. குசினிக்குப் பொறுப்பாக இருந்த பெண்ணிடம் வீட்டில் ஒருவருக்கு வருத்தம் என்று சொல்லிவிட்டு, ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் ஓடினேன். பாம்பு வந்த பிறகு முதல்தடவையாக அந்த அறைக்குள் போய்ச் சுவிட்சைப் போட்டேன். சூடு ஏறும்வரை, கம்பளி எல்லாவற்றையும் கூட்டின் மேல் குவித்துவிட்டு அதன் முன்னால் நிலத்தில் குந்தியிருந்தேன். பொந்துக்குள் இருந்து தலையை நீட்டி அது என்னைப் பார்த்தது. பயமாகத்தான் இருந்தது, எழும்பவில்லை.

பின்னேரம் அவர் வந்தபோதும் நான் அங்கேயே இருந்தேன். என்னைக் கண்டு திகைத்தபடி உள்ளே வந்தார். வருகிற போக்கில் கை சுவருக்குப் போனது. சுவிட்சில் மேடாக இருந்த பக்கத்தைப் பெருவிரல் தேடி அமத்தியது. ஒவ்வொரு பின்னேரமும் இப்படித் தன்னை அறியாமலே அவர் போட்டபோது உயிர்த்த சிவப்பு எழுத்து, அன்றைக்கு அவருடைய கண்முன்னே அணைந்தது.

அவர் சுவரைப் பார்த்தார். பிறகு கையைப் பார்த்தார். நான் எழும்பி மறுபடியும் சுவிட்சைப் போட்டேன். பேசுவதற்குக் கட்டி வைத்திருந்த பேச்செல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

"நானோ?" என்று கேட்டார்.

"ஓம்."

அப்படியே கட்டில் விளிம்பில் இருந்துவிட்டார். இவர் லண்டனுக்கு வந்த புதிதில், பெடியங்களாக ஒரே வீட்டில் நெருங்கிக் கிடந்த காலத்தில், யாரோ அணைக்காமல் விட்டுப்போன ஹீற்றரில் போர்வை பற்றி, நித்திரையில் கிடந்த பெனடிக்ற் என்ற சிநேகிதனின் தோளும் முதுகும் எரிந்துபோயின. கடைசியாக வெளியே போனவர் இவர். தான் அணைத்தேனா இல்லையா என்று இவருக்கு இன்றுவரை நிச்சயமில்லை. அன்றிலிருந்து எதையும் அணைக்காமல் வீட்டை விட்டுப் போக இவரால் முடிந்ததில்லை. அன்றைக்கு அந்தக் கதையை மறுபடியும் சொல்லவில்லை, கையை மட்டும் தடவிக்கொண்டிருந்தார்.

"பிள்ளை பாத்தவளோ?"

"பாத்தவள். நீங்கள் கதைச்சதையும் கேட்டவள்."

முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு தானே போனை எடுத்தார்.

"பிள்ளை, வந்து கொண்டுபோ. யாராவது நல்ல ஆக்களிட்டைக் குடு. என்ர கையை நம்பேலாது."

"குடுக்கமாட்டன்," என்றாள் தாரிணி. "காலமை வெளிக்கிடேக்கை எனக்குப் போன் அடியுங்கோ அப்பா. சிவப்பு லைற் எரியுதோ எண்டு நான் பாத்துச் சொல்லுறன். பிறகு போங்கோ."

மறுநாள் வேண்டுமென்றே நான் வேலைக்குப் பிந்தினேன். அவர் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு, கூட்டைப் பார்த்துவிட்டு, படியில் இறங்கி வந்து கதவடியில் நின்று அடித்தார். ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது.

"வெளிக்கிட்டிட்டன் பிள்ளை. பார்."

"எரியுது அப்பா. சூடு வடிவா இருக்கு." பிறகு கேட்டாள், "கை ரெண்டும் எங்கை?"

"ஒண்டிலை போன். மற்றது பொக்கற்றுக்கை. வெளியிலை எடுக்கேல்லை."

அவள் சிரித்தாள். சின்ன வயதில் சிரிப்பதுபோல, மூச்சு வாங்கிச் சிரித்தாள். ஓரிடத்தில் இருக்கத் தெரியாத என் மனுசன் படியிலே இருந்துவிட்டார். பஸ் போய்விடும் என்று நான் சொன்னேன். போகட்டும் என்று கையைக் காட்டிவிட்டு, "சாப்பிட்டியோ பிள்ளை?" என்று கேட்டார்.