பத்தாவது வீடு

பஸ்ஸை விட்டு இறங்கி நேராக நடந்தால் ஐந்து நிமிடத்தில் வீடு. ஆனால் திங்கட்கிழமை சாயங்காலம் மட்டும் கனகவல்லி நேராகப் போகமாட்டாள். கோவிலம்பாக்கத்தின் மூன்று தெருக்களைச் சுற்றிக்கொண்டுதான் போவாள். ஷீலா வீட்டு மாடிக் கொடியில் பள்ளிச் சீருடை காய்கிறதா? காய்கிறது. ஹில்டா வீட்டு வாசலில் செருப்புக் கிடக்கிறதா? இரண்டு ஜோடி கிடக்கிறது. சரி, அடுத்த தெரு.

யாராவது பார்த்துவிட்டு, "இன்னாக்கா, இந்தப் பக்கம்?" என்று கேட்டால், "முட்டி புடிச்சிக்கினு கீது. நடந்தா தேவலன்னு டாக்டர் சொன்னாரு" என்பாள். எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. பள்ளிக்கரணை அடுக்குமாடிக் குடியிருப்பில் காலையிலிருந்து ஏழு மாடிப் படிக்கட்டைத் துடைத்துவிட்டு வருகிறவளுக்கு நடைப்பயிற்சி ஒன்றுதான் குறைச்சல்!

விஷயம் வேறு. பத்துப் பெண்கள் சேர்ந்த கடன் குழுவுக்கு அவள் தலைவி. செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு அவள் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் வந்து உட்கார்ந்து வாரத் தவணையைக் கட்டவேண்டும். ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற ஒன்பது பேரும் போட்டுக் கட்டவேண்டும். முழுப் பணமும் சேரும்வரை, கடன் கம்பெனியிலிருந்து வசூலுக்கு வருகிற பிரசன்னா விரித்த பாயைவிட்டு எழுந்திருக்கமாட்டார். பத்தாவது வரை படித்தவள், கறாரானவள் என்று கனகவல்லியின் தலையில் கட்டிவிட்டார்கள். இதற்குச் சம்பளமும் கிடையாது, கமிஷனும் கிடையாது. பிரசன்னாவுக்குக் கொடுக்கிற டீயும் அவள் செலவுதான்.

ஆறு வருஷத்தில் ஒரு வாரம்கூட அவள் தவணை தவறியதில்லை. சம்பளத்தில் கால் பங்குக்கு மேல் தவணை போகக்கூடாது என்பது அவள் சட்டம். "அதுக்கு மேல போச்சுன்னா சோறு தொண்டைல எறங்காது" என்பாள். போனில் வீட்டிலிருந்தபடியே கடன் தருகிறேன் என்று யாராவது கூப்பிட்டால் பாம்பைத் தொட்டவள் மாதிரி வைத்துவிடுவாள். தண்ணீர் லாரி ஓட்டுகிற அவள் கணவன் பக்தவச்சலத்துக்கு இதெல்லாம் சிரிப்பு. "லட்ச லட்சமா வாங்குனவன்லாம் ஜாலியா சுத்திகினு கீறான். நீ இன்னாத்துக்குடி நடுங்கற?"

நடுங்கத்தான் செய்கிறாள். இந்த வருஷம் கொஞ்சம் கூடுதலாக. மகள் ரேஷ்மாவுக்கு நர்சிங்கில் இடம் கிடைத்திருக்கிறது. கல்விக் கடனுக்காகப் போனபோது பேங்க் அதிகாரி, "உங்க பேர்ல கட்டாத தவணை எதுவும் இருக்கக் கூடாதும்மா, கம்ப்யூட்டர்ல எல்லாம் தெரிஞ்சிடும்" என்று சொல்லி அனுப்பினார். அன்றிலிருந்து கம்ப்யூட்டர் என்ற சொல் காதில் விழுந்தாலே தவணை அட்டையை எடுத்து ஒரு தடவை சரிபார்த்துக்கொள்கிறாள்.

குழுவில் அவளைத் தவிர ஒன்பது பேர். யாரும் ஓடிவிடவில்லை என்று தெரிந்துகொள்ள ஒன்பது வீட்டைப் பார்த்தால் போதும். ஆனால் அவள் பத்தாவதாக ஒரு வீட்டையும் பார்க்கிறாள். அது எப்சியின் வீடு. எப்சி குழுவில் இல்லை. கனகவல்லியோடு படிக்கட்டுத் துடைப்பவள். வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கப் பணமில்லாமல், வட்டிக்கு விடுகிற தண்டல்காரனிடம் வாங்கப் போவதாகச் சொல்லி அழுதாள். "பழைய கடன்ல என் பேரு கெட்டுப்போய் கீதுக்கா. உன் பேர்ல எடுத்துக் குடு. வாராவாரம் கைல குடுத்துடறேன்." பெயர் ஒருத்தியுடையது, பணம் இன்னொருத்தியுடையது, இந்தத் தெருக்களில் இது சகஜம். தண்டல்காரனிடம் மாட்டிய ஒரு குடும்பம் சட்டி பானையோடு ரோட்டில் நின்றதைக் கனகவல்லி கண்ணால் பார்த்திருக்கிறாள். அந்தப் பயத்தில்தான் நாற்பதாயிரம் எடுத்துக் கொடுத்தாள். வாரம் எண்ணூற்று எழுபது ரூபாய். அத்தனை உஷாரானவள் செய்த காரியத்தைப் பாருங்கள்! பணம் எப்சிக்குப் போனது பக்தவச்சலத்துக்கும் தெரியாது, குழுவுக்கும் தெரியாது.

பதினோரு வாரம் எப்சி ஒழுங்காகக் கொடுத்தாள். பிறகு காய்ச்சல் என்று போனில் சொல்லிவிட்டு நான்கு நாள் வேலைக்கு வரவில்லை. போன திங்கட்கிழமை கனகவல்லி அந்தச் சந்துக்குள் நுழைந்தபோது கொடியில் ஒரு கந்தல்கூட இல்லை. கதவில் பூட்டு. பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள்.

பக்கத்தில் குடியிருக்கும் வீட்டுக்காரம்மா சுந்தரவல்லி எட்டிப் பார்த்தார். "எப்சியா? ஞாயித்துக்கிழமையே காலி பண்ணிட்டாளே. அட்வான்ஸைக்கூட முழுசா திருப்பிக் குடுத்துட்டேன்."

"முழுசாவா?"

"ஆமா. ஏன்மா, உனக்கு ஏதாவது தரணுமா?"

"சீச்சீ, இல்லீங்க. சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாள் கனகவல்லி. வழியில் மூன்று தடவை எப்சிக்குப் போன் போட்டாள். மூன்று தடவையும் ஸ்விட்ச் ஆஃப். வீட்டுக்கு வந்து சோறு வைத்தாள், சாப்பிடவில்லை. ரேஷ்மா பக்கத்தில் உட்கார்ந்து காலேஜ் யூனிபார்ம் எத்தனை செட் வாங்கவேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தாள். கனகவல்லி எல்லாவற்றுக்கும் "ம்" கொட்டினாள். இன்னும் நாற்பத்தொரு வாரம் என்பது மட்டும் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை. ஒன்பது பேரும் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். மளிகைக்கு வைத்திருந்த பணத்திலிருந்து எண்ணூற்று எழுபதை எண்ணி வைத்தாள் கனகவல்லி. பத்தும் இருபதுமாக இருந்தது. பிரசன்னா அதைப் பார்த்தார், அவள் முகத்தையும் பார்த்தார்.

"என்னக்கா, டைட்டா? பேஜாராகாதீங்க. நீங்க ஒரு வாரம்கூட மிஸ் பண்ணாத ஆளு. கம்பெனியில உங்களுக்கு எழுபதாயிரம் சாங்ஷன் ஆயிருக்கு. பழசைக் கழிச்சிக்கலாம், மீதி உங்க கைக்கு வந்துடும். ரெண்டு வருஷத் தவணை, மெதுவா கட்டலாம்."

எப்சியின் பாக்கி இந்த நிமிடமே தீர்ந்துவிடும். யாருக்கும் எதுவும் தெரியவராது. "ரெண்டு வருஷமா?" என்று மட்டும் கேட்டாள்.

"அது ஓடிடும்க்கா" என்று சொல்லிக்கொண்டே பிரசன்னா பையிலிருந்து விரல்ரேகை பதிக்கிற சின்ன மெஷினை எடுத்தார். அதன் கண்ணாடியில் சிவப்பு விளக்கு எரிந்தது. "கட்டைவெரலை வைங்க, போதும்."

"வெய்யேன்க்கா!" என்றாள் ஷீலா. "எனுக்குக் கேட்டா குடுக்கமாட்டேங்கறாரு. உன்ன தேடி வருது, இன்னா யோசிச்சிகினு கீற? எங்களுக்கு பஸ்ஸு போயிடும்."

பிரசன்னா மெஷினை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினார். கனகவல்லி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மடியில் கிடந்த வலது கையின் கட்டைவிரலை உள்ளே மடக்கி, மற்ற நான்கு விரல்களாலும் இறுக மூடிக்கொண்டாள்.