இறங்காத இலக்கம்

என் வலது கண்ணில் புரை ஏறி, எதிரே வருவது கங்காணியா எருமையா என்று தெரியாமல் போன வருசம், மகள் என்னைக் கண்டிக்குக் கூட்டிப்போய்த் தனியார் ஆஸ்பத்திரியில் ஒப்பரேசன் செய்வித்தாள். பொகவந்தலாவைப் பக்கம் தோட்டப் பள்ளிக்கூடத்தில் அவள் டீச்சர். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் முதல் டீச்சர் அவள்தான். காசு ஏது என்று கேட்டேன். "சேத்து வச்சிருந்தேம்மா" என்றாள். நம்பினேன். இரண்டு மாசத்தில் ஃபிரிட்ஜும் வந்து இறங்கியது.

"என்னா அக்கா, இந்தக் குளிருக்கு ஐஸ் பெட்டியா? நம்ம லயத்துச் செவுரே போதுமே!" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"டீச்சர் வூட்டுச் செவுரு சூடா இருக்குடி" என்றேன். பெருமை விடுமா?

எனக்கு எழுத்து வராது. பேரை எழுதுவேன், அதோடு சரி. ஆனால் இலக்கம் வரும். முப்பத்தேழு வருசம் தேயிலைக் கொழுந்து நிறுக்கிற தராசு முள்ளை முறைத்துப் பார்த்துக்கொண்டே நின்றவள் நான். அரைக் கிலோ யாரும் என்னிடம் அடிக்க முடியாது.

மகளுக்கு மாசாமாசம் பேங்கிலிருந்து கடிதம் வரும். புதுக் கண் வந்த துணிச்சலில் ஒருநாள் அதை எடுத்துப் பார்த்தேன். மேலே பெரிய இலக்கம், கீழே சின்ன இலக்கம். போன மாசத்துக் கடிதத்தையும் பக்கத்தில் வைத்தேன். அதற்கு முந்தியதையும் வைத்தேன். பெரிய இலக்கம் நகரவே இல்லை.

பள்ளிக்கூடம் விட்டு வந்தவளிடம் நீட்டினேன். முகம் வாடிப்போயிற்று. ஒப்பரேசனும் ஃபிரிட்ஜும் கிரெடிட் கார்டில் வாங்கினதாம். எழுபத்தஞ்சாயிரம். பத்து மாசமாகக் கட்டுகிறாள். இன்னும் எழுபதாயிரம் நிற்கிறது.

"அவங்க கேட்டதைத் தவறாம கட்டிக்கிட்டுத்தாம்மா இருக்கேன்."

அவளை ஏசவும் முடியவில்லை. எங்களுக்குத் தெரிந்த கடன் தீவாளி அட்வான்ஸ். தோட்டத்தில் கொடுப்பார்கள், மாசாமாசம் சம்பளத்தில் இவ்வளவு என்று வெட்டுவார்கள், ஒரு மாசம் சம்பளத் துண்டில் வெட்டு இருக்காது. முடிந்தது. அந்தத் துண்டைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, பேங்க் கேட்கிற சின்ன இலக்கத்தையும் அப்படி ஒரு வெட்டு என்றே நினைத்துவிட்டாள். அது அப்படி இல்லையாம். கட்டுவதில் பாதி வட்டிக்கே போகிறதாம். மாசக் கடைசியில் கை வறண்டு சாமானுக்குக் கார்டை நீட்டினால் மிச்சப் பாதியும் போயிற்று.

"தோட்டத்துல வேலை விட்டப்ப வந்த என் பண்ட் காசு பேங்குல கெடக்கு. எடுத்து அவனுங்க மூஞ்சியில வீசு" என்றேன்.

"அது வீடு கட்டுறதுக்கு. லயத்தை விட்டுப் போகணும்னு ஏழு பேர்ச் காணி வாங்கிப் போட்டது யாரு? நீங்கதானே?"

"கடன்காரக் கண்ண வச்சிக்கிட்டு புது வீட்ட என்னாத்தப் பாக்குறது?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குக் கோபம் போகவில்லை. ஆனாலும் பண்ட் காசைத் தொடமாட்டேன் என்று அவள் ஒரே பிடியாக நின்றாள். என் பிள்ளைதானே.

அவளோடு படிப்பிக்கிற டீச்சர் ஒருத்திதான் வழி சொன்னாள். ஹட்டனில் இன்னொரு பேங்க், பழைய கார்டுக் கடனைத் தன் பக்கம் மாற்றிக்கொண்டு, குறைந்த வட்டியில் மாசக் கணக்குப் போட்டு வாங்குகிறதாம். கடன் வாங்கிக் கடன் அடைப்பதா என்று யாராவது கேட்கலாம். கடைத்தெருவில் அநியாய வட்டிக்கு அடகு வைத்த தோட்டை மீட்டு, அரசாங்க பேங்கில் வைத்தவள் நான். தோடு அதேதான், வட்டிதான் வேறு. எனக்கு அது புரியும்.

லீவு நாளில் பஸ் ஏறிப் போனோம். மேசையில் ஒரு சிங்களப் பிள்ளை இருந்தது. நான் சிங்களத்திலேயே கேட்டேன்.

"எத்தனை மாசம் கட்டணும், மகளே?"

"இருபத்து நாலு, அம்மா."

"பொறகு?"

"பொறகு ஒண்ணும் இல்லை. முடிஞ்சிரும்."

"அதை எழுதிக் குடு."

அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தது. மாசம் மூவாயிரத்து முந்நூறு, முன்பு கட்டினதைவிடக் குறைவு. மாற்றுவதற்கு ஒரு தரம் ஒரு கூலி. ஒரு மாசம் தவறினாலும் வட்டி பழையபடி ஏறிவிடும். இந்தக் கடனோடு அவர்கள் தருகிற புதுக் கார்டில் சாமான் வாங்கினால் அதற்கு வேறு வட்டி, கூடின வட்டி. "அந்தக் கார்டு என் பெட்டிக்குள்ள இருக்கும்" என்றேன்.

பழைய கார்டை மூடச் சொல்லிக் கடிதம் எழுத மகள் தயங்கினாள்.

"ஆத்திர அவசரத்துக்கு இருக்கட்டுமேம்மா."

"அவசரம் வந்தா ஃபிரிட்ஜ விப்போம்."

எழுதிப் போட்டாள். பிறகு கார்டைக் கத்தரிக்கோலால் வெட்டினாள்.

மாசக் கடைசிக்குக் கை வறளக்கூடாது, அதுதான் முக்கியம். ஞாயிற்றுக்கிழமைகளில் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கப் போனேன். அன்றைக்கு எடுத்ததற்கு அன்றைக்கே காசு.

"டீச்சரோட அம்மா கூடை தூக்குறாங்கன்னு பேசுவாங்கம்மா."

"பேசட்டும். கண்ணு யாரோடது?"

ஏழாம் மாசம் அவளுக்கு மாற்றல் வந்து, காகிதம் போய்ச் சேராமல் சம்பளம் நின்றுபோனது. கட்ட வேண்டிய நாளுக்கு நாலு நாள்தான் இருந்தது. மகள் பண்ட் காசைப் பற்றிப் பேச வாயெடுத்தாள். வீட்டுக் காசு வீட்டுக்கே என்று நான் பேசவிடவில்லை. கடைத்தெருவில் சர்பத் விற்பவரைக் கூட்டிவந்து ஃபிரிட்ஜைக் காட்டினேன். கேட்ட விலை தரவில்லை, ஆனால் காசைக் கையில் தந்தார்.

"என்னா அக்கா, பெட்டிக்கு நம்ம குளிரு ஒத்துக்கலையா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"ஆமாடி, சளி புடிச்சிருச்சி."

அந்த மாசம் தவறவில்லை. அதற்குப் பிறகும் ஒரு மாசம்கூடத் தவறவில்லை. கடிதம் வந்தால் பெரிய இலக்கத்தைத்தான் முதலில் பார்ப்பேன். ஒவ்வொரு தடவையும் இறங்கியிருந்தது. இருபத்து நாலாம் மாசம் கட்டிவிட்டு வந்த மகள் ரசீதை என் கையில் தந்தாள். தேத்தண்ணி ஊத்திக் கொடுத்தேன்.

அடுத்த சம்பளத்தில் அந்த மூவாயிரத்து முந்நூறை எடுத்து மேசையில் வைத்து, "இப்ப இத என்னாம்மா பண்றது?" என்று கேட்டாள். பழக்கத்தில் எடுத்து வைத்துவிட்டிருக்கிறாள். நாலு மூட்டை சிமெந்து வாங்கினோம், காசு கொடுத்து. கட்டிலுக்குக் கீழே அடுக்கினோம். வீட்டு வேலை பேச வந்த மேசன், "இந்த ஈரத்துல ஒரு மாசம் கெடந்தா கல்லாப் போயிரும் அம்மா, சுருக்கா அத்திவாரம் வெட்டுங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை வெட்டினோம்.